வெளிச்சம் போட்டுக் கெடுக்காதீர்கள்

புதிதாக ஒரு ஸ்டார் ஓட்டலில் பார் கட்டப்போகிறார்கள் என்றால், வடிவமைப்பாளர் கொண்டுவரும் முதல் படத்தில் என்ன இருக்கும் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். தரையிலிருந்து கூரை வரை ஒரு கண்ணாடிச் சுவர். அதற்குப் பின்னால் வரிசை வரிசையாக ஒயின் பாட்டில்கள், லேபிள் நம்மைப் பார்த்தபடி. ஒவ்வொரு தட்டுக்கு அடியிலும் எல்.இ.டி. பட்டை. இரவில் அந்தச் சுவர் தகதகவென்று எரியும். "இதுதான் சார் இந்த இடத்துக்கே ஹீரோ" என்பார்கள். முதலாளி தலையாட்டிவிடுவார். மரவேலைக்காரர், கண்ணாடிக்காரர், மின்வேலைக்காரர் எல்லாரும் விலை கொடுத்து முடித்தபிறகு, கடைசியாக அந்தப் படம் என்னிடம் வரும். "உள்ளே 13 டிகிரி வேணும், பார்த்துக்குங்க" என்ற ஒரு வரியோடு.

நான் குளிர் அறை போடுகிறவன். மீனுக்கு, பாலுக்கு, பூவுக்கு, மருந்துக்கு, ஐஸ்கிரீமுக்கு என்று இருபத்தைந்து வருடமாக இதே வேலை. ஒயினுக்கும் போட்டிருக்கிறேன். குடிக்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் ஒரு பொருளைக் கெடாமல் வைத்துக் கொடுப்பது என் தொழில். அதனால் இந்தக் கண்ணாடிச் சுவர் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

ஓட்டல் உலகத்தில் இன்று எல்லாரும் ஒப்புக்கொண்ட கருத்து இது: ஒயின் கண்ணில் பட்டால்தான் விற்கும், ஆகவே ஒயினைச் சேமிக்கும் இடமே பாரின் பெரிய காட்சியாக இருக்க வேண்டும். இதில் முதல் பாதியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. "ஆகவே" என்ற சொல்லில்தான் தப்பு நடக்கிறது. காட்டுகிற இடத்துக்கு வேண்டியது வெளிச்சம், கண்ணாடி, கூட்டம். வைக்கிற இடத்துக்கு வேண்டியது இருட்டு, கனமான சுவர், அசையாத குளிர். இந்த இரண்டையும் ஒரே அறைக்குள் போட்டால் எப்போதும் தோற்பது பாட்டில்தான்.

இந்த மோகம் எங்கிருந்து வந்தது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். 1999-இல் லாஸ் வேகாஸ் நகரத்தில் மாண்டலே பே ஓட்டலுக்குள் சமையல் கலைஞர் சார்லி பால்மரின் 'ஆரியோல்' உணவகம் திறந்தது. அதன் நடுவில் 42 அடி உயரத்துக்கு இரும்பும் கண்ணாடியுமாக ஒரு ஒயின் கோபுரம். வடிவமைத்தவர் ஆடம் டிஹானி. விருந்தினர் ஒரு பாட்டிலைக் கேட்டால், இடுப்பில் வார் கட்டிய பெண் கம்பியில் தொங்கியபடி மேலே போய் எடுத்துவருவார். 'ஒயின் தேவதைகள்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதன்பின் லண்டன் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்து ராடிசன் ஓட்டலில் 13 மீட்டரில் ஒன்று, சூரிச் விமான நிலையத்து ராடிசனில் அதைவிட உயரமாக இன்னொன்று என்று வந்தன.

டிஹானியின் கோபுரத்தை நான் குறை சொல்ல வரவில்லை. அது வேகாஸ், வித்தை காட்டுவதுதான் அந்த ஊரின் பிழைப்பு. அந்தக் கோபுரத்துக்கென்று தனிக் குளிரூட்டல் இருந்தது. அங்கே ஜனங்கள் அண்ணாந்து பார்த்தது ஒரு மனுஷி மேலே ஏறி இறங்குவதை. அதைப் பார்த்து உலகம் முழுக்க நகலெடுத்தவர்கள் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எந்திரத்தை விட்டார்கள், ஆளையும் விட்டார்கள். மிஞ்சியது விளக்குப் போட்ட ஷோகேஸ்.

அந்த ஷோகேஸுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தேன். கடலோரத்தில் ஒரு பெரிய ஓட்டல், பெயர் வேண்டாம். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த நேரம். "கண்ணாடி வேர்க்குது சார், உடனே வாங்க" என்று அழைப்பு. நான் போட்ட அறை இல்லை அது. வேறு யாரோ போட்டுக் கைகழுவிவிட்டுப் போனது. காலை பதினோரு மணிக்குப் போனபோது பார் மூடிக்கிடந்தது. கண்ணாடிச் சுவரின் அடியில் நீளத்துக்கும் குளியலறைத் துண்டுகளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அத்தனையும் ஈரம். கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. கதவின் ரப்பர் கேஸ்கெட் ஒரு மூலையில் வாயைப் பிளந்திருந்தது. அந்த மூலைக்கு அருகில் இருந்த பாட்டில்களின் லேபிள்கள் சுருங்கி, ஓரம் கிளம்பி, கரும்புள்ளி பூத்திருந்தன. ஒரு லேபிளை விரலால் தொட்டேன். பழைய கல்யாணப் பத்திரிகையை நனைத்தால் எப்படி வழுக்கும், அப்படி வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. இரவு பார் மூடியதும் மண்டபத்து ஏ.சி.யை நிறுத்திவிடுவார்கள், மின்கட்டணம் மிச்சம். மழைக்காலத்தில் கடலோரக் காற்றை 25 டிகிரிக்குக் குளிர்வித்தாலே போதும், தண்ணீராகிவிடும். உள்ளே 13 டிகிரி, வெளியே 29 டிகிரி என்றால் நடுவில் நிற்கும் ஒற்றைக் கண்ணாடியின் மேல்பரப்பு இருபது, இருபத்தொரு டிகிரியில் இருக்கும். வேர்க்காமல் என்ன செய்யும்? பகலில் ஏ.சி. ஓடும்போது எல்லாம் காய்ந்துவிடும், ராத்திரி மறுபடி வேர்க்கும். தினம் தினம் இதுதான். கேஸ்கெட் விட்ட மூலை வழியாக அந்த ஈரக் காற்று உள்ளேயும் போய்ப் பாட்டில்மேல் படிந்தது.

"இரட்டைக் கண்ணாடி போட்டால் தீர்ந்தது" என்று வடிவமைப்பாளர்கள் சொல்வார்கள். வேர்ப்பது குறையும், உண்மை. ஆனால் இரட்டைக் கண்ணாடி வழியாக உள்ளே ஏறும் வெப்பம், குளிர் அறைச் சுவருக்கு நாங்கள் போடும் நுரை அடைத்த பலகை, அதாவது சாதாரண 80 மில்லிமீட்டர் பஃப் பேனல் வழியாக ஏறுவதைவிடச் சுமார் பத்து மடங்கு. அந்த வெப்பத்தை எல்லாம் கம்ப்ரசர் இரவும் பகலும் இழுத்து வெளியே தள்ள வேண்டும். தள்ளுவதற்கு ஓர் அவுட்டோர் யூனிட் வேண்டும், அதற்குக் காற்றோட்டமான இடம் வேண்டும், தண்ணீர் போகக் குழாய் வேண்டும். எனக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் இவற்றுக்கு இடமே இருப்பதில்லை. பொய்க்கூரைக்கு மேலே அடைத்துவிடச் சொல்வார்கள். அங்கே அடைத்தால் அந்த யூனிட் தான் கக்கிய சூட்டைத் தானே குடித்து, கோடையில் மூச்சு முட்டி நிற்கும். எதற்காக வாங்கினோமோ அந்த மே மாதத்திலேயே கைவிட்டுவிடும்.

இது குளிர் விஷயம். காசு செலவழித்தால் இதைச் சமாளிக்கலாம் என்று நானே ஒப்புக்கொள்வேன். வெளிச்சத்தைத்தான் சமாளிக்க முடியாது.

அதே ஓட்டலில் அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒயின் பொறுப்பில் இருந்த தம்பிக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். நான் கேஸ்கெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "சார், உங்களுக்கு ஒண்ணு காட்டணும். மேனேஜர்கிட்டச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு" என்றார். ஒரே வெள்ளை ஒயின், ஒரே சரக்கு வரவு, இரண்டு பாட்டில். ஒன்று கண்ணாடிச் சுவரில் நாலு மாதமாக நின்றது, இன்னொன்று கீழே ஸ்டோரில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. நிறமில்லாத வெள்ளைக் கண்ணாடி பாட்டில்கள். இரண்டையும் திறந்து இரண்டு கிளாஸில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார். "நான் குடிக்கிறதில்லை தம்பி" என்றேன். "மோந்து மட்டும் பாருங்க சார்" என்றார்.

பெட்டியிலிருந்து வந்ததில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருகிற வாசம். சுவரிலிருந்து வந்ததில் முட்டைக்கோஸ் வேகவைத்த தண்ணீர். மிகையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில் குக்கர் திறக்கும்போது அடிக்கிற அதே வாடை. அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். தான் பரிமாறுகிற பொருள் கண்ணெதிரே கெட்டுக்கொண்டிருப்பதைத் தினமும் பார்க்கிற முகம் அது. விருந்தினர் ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கிளாஸைத் தள்ளி வைப்பார்களாம். "பிராண்டு சரியில்லைன்னு நினைச்சுக்குவாங்க சார். ஒயின் பண்ணினவன் பேர்தான் கெடும்."

இதற்குப் பின்னால் உள்ள வேதியியல் நெடுநாளாகத் தெரிந்ததுதான். ஒயினில் இயல்பாகவே ரிபோஃபிளேவின் உண்டு, நாம் பி2 வைட்டமின் என்கிறோமே, அதுதான். அது புற ஊதாவையும் நீல ஒளியையும் உறிஞ்சும். உறிஞ்சிய வேகத்தில் பக்கத்திலிருக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும். உடைந்து வருவது கந்தக வாடை. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'ஒளியின் சுவை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஷாம்பெயின், வெள்ளை, ரோஸே ஆகியவைதான் இதில் சீக்கிரம் விழும். சிவப்பு ஒயினைத் துவர்ப்பு ஓரளவு காப்பாற்றும். பாலிலும் இதே ரிபோஃபிளேவின்தான் வேலை செய்கிறது. கண்ணாடி பாட்டிலில் பாலை வெயிலில் வைத்தால் ஒரு வாடை வருவது அதனால். மருந்துக் கடையில் பல திரவ மருந்துகள் பழுப்புக் குப்பியில் இருப்பதும், வீட்டில் பாட்டி ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் போட்டு அலமாரிக்குள் தள்ளியதும் ஒளியை நம்பாத அறிவுதான்.

"சார், நாங்கள் போடுவது எல்.இ.டி. அதில் புற ஊதா கிடையாது." நான் அதிகம் கேட்ட பதில் இதுதான். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். விளக்கு விற்றவர் கொடுத்த தாளிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கும், அது பொய்யும் இல்லை. ஆனால் வெள்ளை எல்.இ.டி. என்பது அடிப்படையில் ஒரு நீல விளக்கு. 450 நானோமீட்டர் பக்கம் நீல ஒளி உமிழும் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு போட்டு வெள்ளையாக்குகிறார்கள். ரிபோஃபிளேவின் ஒளியை உறிஞ்சும் இரண்டு உச்சங்களில் ஒன்று ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கிறது. புற ஊதாவைத் தடுக்கும் ஃபிலிமைக் கண்ணாடியில் ஒட்டுவதும் இந்த விஷயத்தில் உதவாது. நீலத்தைத் தடுத்தால் சுவர் மஞ்சளாகத் தெரியும் என்பதால் அந்த ஃபிலிம் நீலத்தை விட்டுவிடும். தவிரவும் விளக்கு இருப்பது கண்ணாடிக்கு உள்ளே, பாட்டில் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில். வெளியே ஒட்டிய ஃபிலிம் யாரிடமிருந்து யாரைக் காக்கும்?

2022-இல் இத்தாலியின் எட்மண்ட் மாக் நிறுவன ஆய்வாளர்கள் 24 வெள்ளை ஒயின்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டில்களில் வைத்துப் பார்த்தார்கள். சூப்பர் மார்க்கெட் அலமாரியில் இருப்பதுபோன்ற வெளிச்சம். நிறமில்லாத பாட்டிலில் ஏழே நாளில், பூ மணமும் பழ மணமும் தருகிற சேர்மங்களில் ஒரு வகை 30 முதல் 70 சதவீதம்வரை காணாமல் போனது. பச்சை பாட்டிலில் 50 நாள் கழித்தும் அந்தச் சரிவு இல்லை என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் பார் சுவர்களில் வடிவமைப்பாளர்கள் வெளிச்சம் அதிகம் விழுகிற நடுத்தட்டில் எதை வைக்கிறார்கள்? ரோஸே. நிறமில்லாத பாட்டிலில் இளஞ்சிவப்பாக ஒளிர்கிறதே, அதற்காக. எது முதலில் கெடுமோ அதைத் தேடிப்பிடித்து விளக்குக்கு முன்னால் நிறுத்துகிறார்கள்.

இதைவிட மனதை வருத்தியது ஒன்று உண்டு. லூயி ரோடரர் நிறுவனத்தின் 'கிறிஸ்டல்' ஷாம்பெயின் 1876-இல் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டருக்காக உருவானது. அவர் விருப்பப்படி நிறமற்ற பாட்டில். அந்த பாட்டிலில் ஒளி என்ன செய்யும் என்று தயாரிப்பவர்களுக்குத் தெரியும், ஆகவே பொன்னிறத் தாள் ஒன்றைச் சுற்றித்தான் அனுப்புகிறார்கள். ஒரு பாரில் அந்தத் தாளைக் கழற்றி எறிந்துவிட்டு விளக்கின்மேல் நிறுத்தியிருந்தார்கள். தாள் இருந்தால் பளபளப்பு வரவில்லையாம்.

"பாட்டில் அங்கே எவ்வளவு நாள் நிற்கப்போகிறது? சரக்கு சுற்றிக்கொண்டே இருக்கும்." இது உணவு, பானப் பிரிவைக் கவனிக்கும் எஃப் அண்ட் பி மேனேஜர்களின் வாதம். எந்தச் சரக்கு சுற்றுகிறது என்று ஒரு நாள் பாரில் நின்று பார்த்தால் தெரியும். கிளாஸ் கணக்கில் விற்கிற ஒயின் சுவரிலிருந்து வருவதில்லை, கவுன்டருக்கு அடியிலுள்ள சாதாரண ஃபிரிட்ஜிலிருந்து வருகிறது. சுவரில் நிற்பவை விலை உயர்ந்தவை. விலை உயர்ந்தது மெதுவாகத்தான் போகும். ஆக, சுவரில் அதிக நாள் வெளிச்சம் வாங்குவது எது என்றால், எந்த பாட்டிலுக்கு விருந்தினர் அதிகப் பணம் கொடுக்கிறாரோ அதுதான். அவரை நாம் ஏமாற்றுகிறோம். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

பாட்டிலைப் படுக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா, அதிர்வு கெடுக்குமா கெடுக்காதா என்றெல்லாம் விவரம் தெரிந்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அதில் நான் தலையிடவில்லை. வெளிச்சத்தைப் பற்றியும் சூட்டைப் பற்றியும் அப்படி இரண்டு கட்சி இல்லை.

ஒயின் என்ற பொருள் வெளிச்சத்தில் வளர்ந்ததே இல்லை. ரெய்ம்ஸ் நகரத்து ஷாம்பெயின் நிறுவனங்கள் சுண்ணாம்புக் குடைவுகளுக்குள் அதை வைத்திருக்கின்றன. நம் கரைக்கு வந்த கதையும் அப்படித்தான். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த இரு கைப்பிடிச் சாடிகளின் ஓடுகளை நினைத்துப் பாருங்கள். மத்தியதரைக் கடலிலிருந்து புதுச்சேரிவரை ஒயின் வந்தது கனத்த மண்சாடிக்குள், வாய் அடைத்து, கப்பலின் அடித்தட்டு இருட்டில்.

சரி, இருட்டில் வைத்தால் பாரில் என்ன காட்சி இருக்கும் என்று கேட்பார்கள். ஓட்டல் உலகத்திலேயே பதில் இருக்கிறது. மொனாக்கோவில் மோன்டே கார்லோ நகரத்து ஓட்டல் த பாரியின் நிலவறை 1874-இல் கட்டப்பட்டது. லட்சக்கணக்கான பாட்டில்கள். கண்ணாடிச் சுவர் இல்லை, தரைக்கு அடியில் கல். இரண்டாம் உலகப் போரில் நல்ல பாட்டில்களை எல்லாம் நிலவறையின் கடைசியில் வைத்து முன்னால் வெற்று பாட்டில்களால் ஒரு சுவர் எழுப்பி மறைத்தார்கள். பிற்பாடு இளவரசர் ரெய்னியரும் கிரேஸ் கெல்லியும் தங்கள் இருபதாம் ஆண்டு மணநாளை 1976-இல் கொண்டாடியது அந்த நிலவறையில்தான். அரண்மனை வைத்திருந்தவர்கள் கீழே இறங்கிப் போயிருக்கிறார்கள். மங்கிய வெளிச்சமும் குளிரும் ஈர வாசமும் கொடுத்த பிரமிப்பை எந்த எல்.இ.டி. பட்டை கொடுத்துவிடும்?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைக்குப் போங்கள். விலை உயர்ந்த சேலை வாசல் ஷோகேஸில் தொங்காது. தொங்கினால் வெயிலில் நிறம் வெளுத்துவிடும் என்று கடைக்காரருக்குத் தெரியும். நம்மைப் பாயில் உட்கார வைத்து, உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவரச் சொல்லி, ஒரு உதறு உதறி மடியில் விரிப்பார். அந்த உதறலில் கல்யாணப் பெண்ணின் கண் விரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? விற்பனை அங்கே நடக்கிறது. ஒயினிலும் அப்படித்தான். நான் வேலை பார்த்த பார்களில், யாராவது ஒருவர் ஒரு கதவைத் திறந்து உள்ளே போய், துடைத்த பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து லேபிளைக் காட்டும்போது பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். எரிகிற சுவரைப் பத்து நிமிஷத்துக்குமேல் யாரும் பார்ப்பதில்லை. அதன் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம் என்றால், நான் சொல்வது இதுதான். அறையை பஃப் பேனலில் போடுங்கள். 12 முதல் 14 டிகிரி, ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம். பார் பக்கம் தெரிகிற முகத்துக்குத் தேக்கோ கல்லோ என்ன வேண்டுமோ ஒட்டிக்கொள்ளுங்கள். பார்க்க ஒரு ஜன்னல் வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று, கை அகலத்துக்கு, மூன்றடுக்குக் கண்ணாடியில், வடக்குப் பார்த்த சுவரானால் நல்லது. உள்ளே வெள்ளை விளக்கு வேண்டாம். ஆம்பர் எல்.இ.டி. என்று தனியாகக் கிடைக்கிறது, அதில் நீலம் அனேகமாக இல்லை. அதையும் ஆள் உள்ளே போனால் மட்டும் எரியும்படி வையுங்கள். பெரிய காட்சிச் சுவர் இருந்தே தீர வேண்டும் என்று முதலாளி பிடிவாதம் பிடித்தால், குடித்து முடித்த வெற்று பாட்டில்களை அதில் அடுக்குங்கள். இந்த ஓட்டலில் திறக்கப்பட்டவை இவை என்று தேதி எழுதி வையுங்கள். எத்தனை வெளிச்சம் வேண்டுமானாலும் போடுங்கள். அந்தக் கண்ணாடிக்குள் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. முக்கியமாக, குளிர் அறைக்காரனை முதல் நாளே கூப்பிடுங்கள். அவுட்டோர் யூனிட் எங்கே நிற்கும் என்பது தெரியாமல் யாரும் மரத்துக்கு நிறம் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இப்போது என் மேசைமேல் ஒரு வரைபடம் விரிந்திருக்கிறது. ஒரு இளம் கட்டடக்கலைஞர், பெண், இரண்டு மாதத்துக்கு முன் அதே பழைய கண்ணாடிச் சுவரோடு வந்தவர். அவரிடம் இதையெல்லாம் ஒரு மாலை முழுக்கப் பேசினேன். கோபித்துக்கொண்டுதான் போனார். போன வாரம் திரும்பி வந்தார். கவுன்டருக்குப் பின்னால் முழுக்க மரச்சுவர், நடுவில் ஒரே ஒரு கதவு. வெளி யூனிட் மொட்டைமாடியில், குழாய்ப் பாதை வரைந்து, வெப்பக் கணக்கோடு. "ஒண்ணே ஒண்ணுதான் சார் கேட்கணும். கதவு எந்தப் பக்கம் திறக்கணும்?" என்றார்.

"பாரைப் பார்த்துத் திறக்கட்டும்மா" என்றேன்.